மூணாவது வால்வு ஒழுகுது

மெக்கானிக் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஒரு குச்சியை வைத்து, மோர் கடைகிற வேகத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறார். குச்சியின் நுனியில் ஒரு ரப்பர் கிண்ணம். அது வால்வின் தட்டையான முகத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் உருட்டிவிட்டு, வால்வைச் சற்றே தூக்கி 'டக்'கென்று போடுவார். மறுபடி உருட்டல். வால்வுக்கும் அது உட்காருகிற வளையத்துக்கும் நடுவே தடவிய சாம்பல் நிறப் பசை கரகரவென்று அரைபடும். அரைபட அரைபடச் சத்தம் மெலிந்து, கடைசியில் பட்டுத்துணியைத் தடவுவதுபோல ஓர் ஓசை மட்டும் மிஞ்சும். அப்போது கையை நிறுத்தி, "ஆங், இப்போ ஒட்டிக்கிச்சு ரெண்டும்" என்பார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பேசி முடித்த தரகரின் திருப்தி அந்த முகத்தில் இருக்கும்.

இவ்வளவும் நடப்பது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் மேல்.

அந்த வீட்டுக்கு நான் போனது அவருடைய மாமனாரைப் பார்த்துக்கொள்ள. கிழவருக்கு இடுப்பு எலும்பு உடைந்து, அறுவை செய்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள் நான். நர்ஸ் இல்லை. அதை எல்லா வீட்டிலும் முதல் நாளே சொல்லிவிடுவேன். எல்லா வீட்டிலும் நர்ஸம்மா என்றே கூப்பிடுவார்கள். மெக்கானிக்கின் மனைவி என்னை அறைக்குள் கூட்டிப்போனாள். கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்குகிற வாடகைக் கட்டில் ஒன்று நடுவில் இருந்தது. அதன்மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி யாரோ படுத்திருப்பதாகத் தெரிந்தது. வழக்கப்படி நாடி பார்க்கலாம் என்று துப்பட்டியை விலக்கினேன். அடியில் இரும்பு. நீளமாக, கனமாக, துளைகளோடு.

"இது யாரு?" என்று கேட்டுவிட்டேன். வாயில் வந்தது அதுதான்.

"அப்பாவோட லாரி" என்றாள் அவள். "அப்பா அங்க இருக்காரு."

ஜன்னலோரம் பழைய மரக்கட்டிலில் கிழவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். வாடகைக் கட்டிலில் படுக்க அவர் மறுத்துவிட்டாராம். செத்தவன் படுத்த கட்டில் என்பது அவர் வாதம். யார் செத்தது என்று மகள் கேட்டிருக்கிறாள். "எவனாவது செத்திருப்பான்" என்று பதில் வந்திருக்கிறது. கட்டில் சும்மா கிடந்தது. மெக்கானிக்குக்கு நெடுநாளாக முதுகுவலி. ஒரு நாள் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார்; கட்டில் இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. இன்னொரு கைப்பிடியைச் சுற்றினார். ஒரு பக்கம் சாய்ந்தது. அன்றைக்கே பட்டறையிலிருந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்துவிட்டார். "அப்பாவைத் தனியா விடாதீங்கன்னு நீதானே சொன்னே" என்று மனைவியிடம் சொன்னாராம். என்னிடம் அவர் சொன்னது வேறு: "இவ்வளவு அருமையான டேபிளை இத்தனை நாளா நோயாளிக்குக் குடுத்து வீணாக்கியிருக்காங்க, நர்ஸம்மா."

லாரி மெக்கானிக்குகளில் பல வகை உண்டு. இவர் ஹெட் வேலை மட்டும் பார்ப்பவர். ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி. காற்று உள்ளே போகிற வழி, புகை வெளியே வருகிற வழி, இரண்டையும் திறந்து மூடுகிற வால்வுகள் எல்லாம் அதற்குள்தான். இன்ஜினின் மூக்கும் வாயும் என்று எனக்குப் புரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். மாமனாரின் லாரி பழைய காலத்தது. அதற்கு இரண்டு ஹெட். ஒன்றை முடித்து லாரியில் மாட்டியாயிற்று. இரண்டாவதுதான் கட்டிலில் படுத்திருந்தது.

தெருவில் இவரை ஊதல் மெக்கானிக் என்று சொல்கிறார்கள். காற்று போகும் துளையில் வாயை வைத்து, கன்னம் உப்ப ஊதிப் பார்ப்பது அவர் பழக்கம். வால்வு சரியாக மூடியிருந்தால் ஊதிய காற்று கன்னத்துக்கே திரும்பி வருமாம். கருவி இருக்கிறது, வாங்கவில்லையா என்று கேட்டேன். "கருவி பொய் சொல்லும். கன்னம் சொல்லாது" என்றார். ஊதி முடித்த முகத்தோடு கடைக்குப் போவார், வங்கிக்குப் போவார். வாயைச் சுற்றி வட்டமாகக் கரி இருக்கும். ஊர் அதற்குப் பழகிவிட்டது.

எது எதன்மேல் உட்கார்ந்தாலும் இடைவெளி இருக்கக் கூடாது என்பது அவருக்கு ஒரு வியாதி. வீட்டில் உள்ள டப்பா மூடிகளையெல்லாம் ஓய்வு நேரத்தில் பசை தடவித் தேய்த்து உட்காரவைத்திருக்கிறார். சர்க்கரை டப்பாவைத் திறக்க ஒருவர் பிடிக்க ஒருவர் இழுக்க வேண்டும். காபித்தூள் டப்பாவை மனைவி திறப்பதையே விட்டுவிட்டாள்; புதிதாக ஒரு பொட்டலம் வாங்கி, பொட்டலமாகவே வைத்திருக்கிறாள். குளியலறைக் கதவையும் அப்படித்தான் செய்தார். உள்ளே போன மனைவி வெளியே வரக் கடப்பாரை வேண்டியிருந்தது. அதன் பிறகு கதவுகளைத் தொட அவருக்கு அனுமதியில்லை.

வால்வு ஏறி இறங்குகிற சிறு குழாய்களுக்குக் கைடு என்று பெயர். அவற்றைப் புதிதாக மாட்ட, ஹெட்டைச் சூடாக்க வேண்டும். கைடைக் குளிரவைக்க வேண்டும். குளிரில் சுருங்கினால் துளைக்குள் சுலபமாக இறங்கும். ஆகவே கைடுகள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருந்தன. கிழவருக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருவாள். வீக்கத்துக்கு ஐஸ் வைக்கலாம் என்று அவள் கேட்க, மெக்கானிக்கின் மனைவி அவசரத்தில் ஒரு பையைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் அதை இடுப்பில் வைத்தாள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டே கையால் தடவிப் பார்த்தார்.

"இது என் வண்டியோட கைடு" என்றார். "எக்ஸாஸ்ட் கைடு. ரெண்டு இருக்கு."

சரியாக இரண்டுதான் இருந்தன.

மருந்து அளக்க நான் வைத்திருந்த பெரிய சிரிஞ்சும் வந்த சில நாட்களிலேயே காணாமல் போனது. துளை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்க அவர் எடுத்துப் போயிருந்தார். ஏனென்றால் இவர் பழுது பார்ப்பதோடு விடுகிறவர் இல்லை. காற்றுப் பாதைகளைக் கிரைண்டரால் குடைந்து அகலமாக்குவார். எல்லாத் துளையும் ஒரே அளவு குடிக்க வேண்டும். ஒன்று கூடுதலாகக் குடித்தால் மற்றதையும் அந்த அளவுக்குக் குடைய வேண்டும். குடைந்தால் அது இதைவிடக் கொஞ்சம் கூடிவிடும். இது முடிகிற வேலையா என்று எனக்குத் தோன்றியது. புது சிரிஞ்ச் வாங்கிக்கொண்டேன்.

மாமனாருக்கு இந்தக் குடைச்சல் பிடிக்கவில்லை. அவர் அந்த லாரியை வாங்கிய நாளிலிருந்து ஓட்டியவர். மருமகனைத் திட்டும்போதும் மரியாதை குறையாமல் திட்டுவார். "மாப்பிள்ளை, உங்க மூக்குல கம்பியை விட்டுக் குடைஞ்சா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"மூச்சு அடைச்சா நானே குடையச் சொல்லுவேன், மாமா."

"ஏறாத மேடெல்லாம் இதுல ஏறியிருக்கேன். அப்பல்லாம் அது மூச்சு விடலையா?"

"விட்டுச்சு மாமா. ஊருக்கே கேக்குற மாதிரி விட்டுச்சு."

மனைவி நடுவில் வந்து இரண்டு பேருக்கும் டீயை நீட்டுவாள். டீ டம்ளரை வாங்கியதும் மெக்கானிக் அதன் அடியைத் தட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், ஆடுகிறதா என்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிழவர் நடக்க மறுத்தார். தையல் ஆறிவிட்டது, எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் ஆறவில்லை. பயிற்சி சொல்லித்தரும் பெண் அவரைத் தூக்கி நிறுத்தியபோது அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் ஓடியது. அடுத்த பரிசோதனைக்குள் கால் தரையில் ஊன்றவில்லை என்றால் இவர் படுக்கையோடு போய்விடுவார் என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருந்தார். படுக்கையோடு போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முதலில் முதுகில் புண். பிறகு நெஞ்சில் சளி. பிறகு அதிக நாள் இல்லை. இதை அவரிடமே சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் மறுபடி வந்தபோது அவர் ஒரு முடிவை அறிவித்தார். "என் வண்டி எழுந்திருக்காம நான் எழுந்திருக்கிறதா இல்லை. வண்டி என்னைக்கு ஓடுதோ, அன்னைக்கு நடக்கிறேன். அதுவரைக்கும் யாரும் என் காலைத் தொடக் கூடாது."

வால்வு உருட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் தலை நிமிர்ந்தார். "அவ்வளவுதானா மாமா? இந்த வாரத்துலயே முடிச்சிடலாம்."

கிழவரின் முகத்தைப் பார்த்தேன். ஊசிக்குத் தேதி குறிக்கப்பட்டவரின் முகம்.

வால்வு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஹெட்டைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, மேலே தெரிகிற துளைகளில் வாய் வரை மண்ணெண்ணெய் ஊற்றி, கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் தாள் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. நனைந்திருந்தால் அந்த வால்வை மறுபடி அரைக்க வேண்டும்.

முதல் நாள் காலையில் மூணாவது வால்வுக்குக் கீழே தாள் நனைந்திருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். கழற்றினார், அரைத்தார், மாலையில் மண்ணெண்ணெய் ஊற்றினார். மறுநாளும் நனைந்திருந்தது. வால்வையே மாற்றினார். மறுநாளும் நனைந்திருந்தது. இருக்கை வளையத்தைப் புதிதாக வெட்டினார். மூணாவது வால்வு ஒழுகிக்கொண்டே இருந்தது. அவர் சாப்பிடும்போது சோற்றில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததாக மனைவி சொன்னாள். மரக்கட்டிலிலிருந்து கிழவர் அனுதாபம் தெரிவித்தார். "அதான் அப்பவே சொன்னேன், குடையாதீங்கன்னு. பாவம், அது என்ன பண்ணும்."

அதற்கப்புறம் மெக்கானிக் மாறிப்போனார். காலையில் நனைந்த தாளைப் பார்ப்பார். ஆனால் முன்போல வருந்துவதில்லை. "ஒழுகுது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவார். அறைக்குள் நாற்றம் தாங்கவில்லை என்று மனைவி ஒரு தடவை சொன்னதுதான் சாக்கு, கட்டிலைச் சக்கரத்தோடு கூடத்துக்குத் தள்ளிப்போனார். இரண்டு நாள் கழித்து அங்கே வெளிச்சம் போதாது என்று வராந்தாவுக்குத் தள்ளினார். அப்புறம் காற்று வேண்டும் என்று முற்றத்துக்கு. முற்றத்துக்குப் போக ஒரு படி இறங்க வேண்டும். அதற்குப் பலகை போட்டுச் சரிவு செய்தார்.

முற்றத்தில் கட்டில் நின்ற அன்று காலையில், தூசி படாமலிருக்க ஹெட்டின்மேல் தலை முதல் கால் வரை துப்பட்டி போர்த்தியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலி வழியாகப் பார்த்திருக்கிறாள். நான் உள்ளே கிழவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று முற்றத்தில் ஓவென்று அழுகை. "நேத்துக்கூடத் திட்டினாரே, நல்லா திட்டினாரே, இப்படிச் சொல்லாம கொள்ளாம போயிட்டாரே" என்று அவள் துப்பட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். கிழவர் சோப்பு நுரையோடு நிமிர்ந்தார். "யாரு போயிட்டா?" என்று உள்ளிருந்தே உரக்கக் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு அம்மா அலறிக்கொண்டு ஓடினாள். பலகையில் வழுக்கி, சுவரோரமிருந்த குழாயைப் பிடித்து நின்றாள்.

குழாய். அதை நான் அப்போதுதான் கவனித்தேன். அறை வாசலில் தொடங்கி, கூடத்துச் சுவரோடு போய், வராந்தாவில் திரும்பி, பலகைச் சரிவு வரைக்கும் ஒரு பழைய இரும்புக் குழாயைக் கொக்கிகளில் மாட்டியிருந்தார். கட்டில் தள்ளக் குழாய் எதற்கு? அதுவும் ஓர் ஆள் கைவைத்துப் பிடிக்கிற உயரத்தில்?

அன்று கிழவரைத் துடைத்துவிடும்போது காலைத் தூக்கிப் பார்த்தேன். மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களின் உள்ளங்கால் எப்படியிருக்கும் என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சைக் குழந்தையின் காலைப்போல வெளுத்து, தோல் மெத்தென்று ஆகிவிடும். இவருடைய உள்ளங்கால் கருப்பாக இருந்தது. குதிகாலில் கிரீஸ். பெருவிரலுக்கடியில் ஒரு சிறு இரும்புத் துருவல் ஒட்டியிருந்தது. அவர் கையை முகர்ந்தேன். மண்ணெண்ணெய்.

"என்ன வாசனை இது?" என்றேன்.

"மாப்பிள்ளை வீட்டுக் காத்தே மண்ணெண்ணெய்தான், நர்ஸம்மா" என்றார், கண்ணைத் திறக்காமல். "காலு ரெண்டும் மரத்துக் கிடக்கு. அமுக்கிவிடுங்க."

விஷயம் புரிந்தது. வண்டி ஓடினால் நடக்க வேண்டும். நடக்கப் பயம். ஆகவே வண்டி ஓடக் கூடாது. வண்டியை ஓடவிடாமல் செய்ய, வீடு தூங்கிய பிறகு எழுந்து நடந்து போய் மூணாவது வால்வுக்குக் கீழே மண்ணெண்ணெய் சொட்டிவிட்டு நடந்து வருகிறார். நடக்காமலிருப்பதற்காக இத்தனை நடை நடந்த நோயாளியை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

முற்றத்துக்குப் போனேன். மெக்கானிக் குச்சியை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கேட்டேன். கரகரப்பு இல்லை. பட்டுச் சத்தமும் இல்லை. வால்வைத் தொட்டுப் பார்த்தேன், பசையே தடவவில்லை. வெறும் வாயை மெல்லுவதுபோல வெறும் வால்வை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் உள்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வால்வு ஒழுகினா மேல துளையில எண்ணெய் இறங்கணும்ல? இங்க வாய் வரைக்கும் நிக்குது, கீழ மட்டும் நனைஞ்சிருக்கு. ரெண்டு மூணு நாள் எனக்கே பைத்தியம் பிடிச்சிடுச்சு, நர்ஸம்மா. அப்புறம் ஒரு நாள் அந்த அறையிலேயே கீழ கண்ணை மூடிப் படுத்திருந்தேன். என்னைத் தாண்டிப் போனாரு. நாற்காலியைப் பிடிச்சு, சுவரைப் பிடிச்சு. உடம்பே ஆடுது. ஆனாலும் போனாரு."

அதன் பிறகுதான் கட்டில் நகரத் தொடங்கியிருக்கிறது. அவருடைய மனைவிக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும் என்றார். நான் அவரைத் திட்டினேன். இருட்டில் தடுக்கி விழுந்தால் மறுபடி அறுவைக்கு அவர் உடம்பு தாங்காது என்றேன். இப்போது ராத்திரி முழுக்கக் கூடத்தில் விழித்தபடி படுத்திருப்பதாகவும், முற்றத்துக்குப் போனால் பின்னாலேயே போய்த் தூணுக்குப் பக்கத்தில் நிற்பதாகவும் சொன்னார். கண்ணைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை, இரண்டும் சிவந்திருந்தன.

திட்டி முடித்ததும் வேலையைப் பார்த்தேன். குழாயை இரண்டு விரற்கடை கீழே இறக்கச் சொன்னேன்; தோள் தூக்கிப் பிடித்தால் இடுப்பு சாயும். கூடத்து மிதியடியை எடுத்துச் சுருட்டினேன். வழியில் ஒரு சின்ன விளக்கு. நான்கு கால் ஊன்றுகோலை மூலையிலிருந்து எடுத்து, மறந்து வைத்ததுபோல அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடியில் ரப்பர் உள்ள செருப்பை அதன் கீழே போட்டேன். கிழவர் அதையெல்லாம் பார்த்தார். மறுநாள் காலையில் செருப்பு வேறு பக்கம் பார்த்திருந்தது.

கட்டில் கடைசியாக லாரி நிற்கிற கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டின் மறு எல்லை அது. மூணாவது வால்வு அங்கேயும் ஒழுகியது.

பரிசோதனை நாளன்று கிழவரை நாற்காலியில் வைத்தே தூக்கிப்போனோம். டாக்டர் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், இன்னொரு காலையும் அமுக்கிப் பார்த்தார். படுத்தே கிடக்கிற ஆளுக்கு இந்தச் சதை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "எங்க வம்சமே அப்படித்தான்" என்றார் கிழவர். எழுந்து நிற்கச் சொன்னபோது லாரிக் கதையைச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

கிழவரை வெளியே கொண்டுபோன பிறகு டாக்டர் என்னிடமும் மெக்கானிக்கிடமும் பேசினார். இவர் எங்கேயோ நடக்கிறார், ஆனால் தப்பாக நடக்கிறார். ஒரு பக்கமாகச் சாய்ந்து பழகிவிட்டால் அதுவே நிலைத்துவிடும். பகலில், ஆள் பார்க்க, சொல்லிக்கொடுத்தபடி நடக்க வேண்டும், அதுவும் உடனே. அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்றேன் நான். மெக்கானிக் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். "வேணாம், நர்ஸம்மா. மானம் போயிடும். ராத்திரி நடையும் நின்னுடும். அந்த மனுஷனை எனக்குத் தெரியும், வீம்புக்கே படுத்துச் செத்துடுவாரு." அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டேன். எழுந்து போய் ஹெட்டில் வாயை வைத்து ஊதினார். யோசனை வராதபோதும் ஊதுவார் போலிருக்கிறது.

போக வர அலைந்ததில் கிழவருக்கு வலி அதிகம். சாயங்காலம் கிளம்பும்முன் வலி மாத்திரை கொடுத்தேன். அது தூக்கம் வரவழைக்கிற மாத்திரை. அதைப் பற்றி அப்போது நான் வேறொன்றும் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் போனபோது மெக்கானிக் கொட்டகையில் கட்டிலுக்கு முன்னால் குந்தியிருந்தார். வாயைச் சுற்றிக் கரி இல்லை, இன்னும் ஊதவில்லை. கீழே விரித்த தாள் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. எந்த ஹெட் மெக்கானிக்கும் துள்ளிக் குதிக்கிற காட்சி. இவர் இழவு விழுந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

"வரலை" என்றார். "ராத்திரி முழுக்கப் பார்த்தேன். நல்ல குறட்டை."

மாத்திரையைச் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. தாள் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. ஹெட்டை மாட்ட வேண்டியதுதான், வண்டி ஓட வேண்டியதுதான், சத்தியத்தைக் காப்பாற்ற முடியாமல் கிழவர் அவமானப்பட வேண்டியதுதான். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என்னுடைய பழைய சிரிஞ்சை எடுத்தார். கொஞ்சம் மண்ணெண்ணெய் உறிஞ்சி, மூணாவது வால்வுக்கு நேர் கீழே, கிழவர் எவ்வளவு சொட்டுவாரோ அவ்வளவு சொட்டினார். ஈரம் பரவி நிற்கும்வரை பார்த்தார். பிறகு வீட்டுப்பக்கம் திரும்பி, தினமும் சொல்கிற அதே சலிப்போடு உரக்கச் சொன்னார்:

"மூணாவது வால்வு ஒழுகுது."

வழக்கமாக இந்த இடத்தில் கிழவர் அனுதாபம் தெரிவிப்பார். இன்றைக்கு அது வரவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட நின்றது.

"எப்படி ஒழுகும்?" என்று குரல் வந்தது.

"ஒழுகுது மாமா."

"இன்னைக்கு எப்படி ஒழுகும்னு கேக்குறேன்."

நான் வீட்டுக்குள் ஓடினேன். கட்டில் கிறீச்சிட்டது. செருப்பு தேய்ந்தது. பிறகு ஊன்றுகோலின் நாலு ரப்பர் கால்களும் தரையில் விழுகிற சத்தம், நடுநடுவே குழாய் கொக்கியில் அதிர்கிற சத்தம். கூடம், வராந்தா, பலகை. பால் பாத்திரத்தோடு எதிரே வந்த மகள் அப்பாவைப் பார்த்து வாயைப் பிளந்தபடி சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை. பட்டப்பகலில், வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பக்கம் சாய்ந்தபடி, வாயில் முணுமுணுத்துக்கொண்டே முற்றத்தைக் கடந்து கொட்டகைக்குள் வந்தார். நான் அவர் இடுப்புக்குப் பின்னால் தொடாமல் கையை வைத்துக்கொண்டு நடந்தேன்.

குனிந்து ஈரத்தைத் தொட்டு முகர்ந்தார். நிமிர்ந்து துளைக்குள் பார்த்தார். மண்ணெண்ணெய் வாய் வரை அசையாமல் நின்றது. 

"வாய் வரைக்கும் நிக்குதே, மாப்பிள்ளை" என்றார் மெதுவாக.

மெக்கானிக் தலை நிமிரவில்லை. சிரிஞ்சைப் பனியனில் துடைத்துக்கொண்டே, இடது காலால் தன் முக்காலியைத் துழாவி, கிழவருக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.